மேய்ப்பு நாயும் மேய்ச்சல் நிலமும்: உற்பத்தி உறவுகள் நோக்கில் ஓர் ஆய்வு

கொழும்பு மாநகரின் வடபாகத்தில், கொட்டாஞ்சேனையை அண்டி, ஆட்டுப்பட்டித் தெரு எனத் தமிழ் மக்கள் வழங்கிவரும் பகுதி ஒன்று உண்டு. இன்று அங்கே பட்டியுமில்லை, மேய்ச்சற்றரையுமில்லை. எனினும் பெயர் நிலைத்துவிட்டது. தமிழகத்தார் மாட்டுப் பொங்கல் என்பதை நாம் பட்டிப் பொங்கல் என்கிறோம். வெள்ளவத்தையின் மாடி வீடுகளிற் பொங்குவோரும் அப்பெயரைக் கைவிடவில்லை. பட்டி என்பது விலங்குகளை அடைக்கும் இடத்தையும் அவ்விடத்து விலங்குத் தொகுதியையும் ஒருங்கே குறிக்கும் சொல். அதனையொட்டி வழங்கும் மற்றொரு சொல் பட்டிநாய். பட்டியைக் காக்கும் நாய் என்பதே அதன் பொருள். பட்டியைத் திரட்டும் நாய், மடக்கும் நாய், ஓட்டிச் செல்லும் நாய் என்ற பொருள் அச்சொல்லுக்கு இல்லை.

இவ்வேறுபாடு சிறியதன்று. பிரித்தானியத் தீவுகளிலும், அவற்றின் குடியேற்ற நாடுகளான அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும், பயிற்றப்பட்ட நாயொன்று இடையனின் சீழ்க்கைக்குப் பணிந்து நூற்றுக்கணக்கான செம்மறிகளை மலைச்சரிவிலிருந்து திரட்டிக் கொணர்கின்றது. ஈராயிரம் ஆண்டு மேய்ச்சல் மரபுடைய தமிழ் நிலத்திலோ நாய் காவலோடு நின்றுவிட்டது. ஏன்? நாட்டு நாயின் இயல்புக் குறைபாடு என்றும், கீழைத்தேயத்தவரின் பயிற்சித் திறனின்மை என்றும் விடை கூறுதல் எளிது. காலனித்துவ எழுத்து அத்தகைய விடைகளுக்குப் பழகியது. நாயின் தொழில் அதன் இரத்தத்தால் மட்டும் தீர்மானிக்கப்படுவதன்று, நிலம் யாருடையது, உழைப்பு யாருடையது என்னும் வினாக்களாலும் தீர்மானிக்கப்படுகின்றது என்பதை நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. முல்லையின் சீழ்க்கை

பண்டைத் தமிழ்ச் செய்யுள்களில் ஆடு மேய்ப்போரைப் பற்றிய மிகத் துல்லியமான சித்திரங்களை இடைக்காடனார் தந்துள்ளார். அகநானூற்றின் 274ஆம் பாடலில், மழை பெய்யும் நள்ளிரவில், தீக்கடைகோலால் மூட்டிய சிறு நெருப்பினருகே ஓர் இடையன் தனியே நிற்கின்றான். உறியும் பானையும் தோலுமே அவன் உடைமைகள். ஒருபுறம் தூறலில் நனைய, கோலை ஊன்றி நின்றவாறே வாயை மடித்து அவன் சீழ்க்கையடிக்கின்றான். குட்டியைக் கவரக் காத்திருந்த குறுநரி அவ்வொலிக்கு அஞ்சி முட்புதருக்குள் ஓடி மறைகின்றது. அதே புலவரின் நற்றிணை 142ஆம் பாடலிலும் பால் விற்கும் இடையன் இவ்வாறே கோலூன்றி நின்று ஒலியெழுப்ப, அவ்வொலி கேட்டு ஆட்டுத்தொகுதி வேறிடம் போகாது அங்கேயே தங்குகின்றது.

இவ்விரு பாடல்களையும் ஒருசேர நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலனாகும். இடையனின் சீழ்க்கை ஓரிடத்தில் பகைவிலங்கை விரட்டுகின்றது. மற்றோரிடத்தில் ஆட்டையே நேரடியாக அமர்த்துகின்றது. இரண்டிலும் மனிதனுக்கும் மந்தைக்கும் இடையே நாய் என்றோர் இடைக்கருவி இல்லை. பெரும்பாணாற்றுப்படை காட்டும் கோவலர் குடியிருப்பிலும் முள்வேலியும் எருப்படிந்த முற்றமும் தோற்படுக்கையிற் கிடக்கும் காவலுமே பேசப்படுகின்றன.

பண்டைத் தமிழர் நாயைத் தொழிலுக்குப் பழக்க அறியாதிருந்தனரா? அல்லர். அதே பெரும்பாணாற்றுப்படை, நாய்களோடு சென்று புதர்களை அடித்துக் கலைத்து, வேலியோடு வலைகளைத் தொடுத்து மாட்டி, முயல்களைத் தப்பவிடாது வளைத்துப் பிடிக்கும் எயினரை வருணிக்கின்றது. விலங்கை வளைத்தல், குறித்த திசைக்குத் துரத்துதல், ஒடுக்குதல் என்னும் செயல்கள் யாவும் இவ்வேட்டையில் உள்ளன. மேய்ப்பு நாயின் தொழிலும் அடிப்படையில் இதுவே. கடித்துக் கொல்லும் இறுதிக் கட்டம் மட்டும் அதில் அடக்கப்பட்டிருக்கும். ஆகவே திறன் இருந்தது. அத்திறன் வேட்டுவரின் உற்பத்தியிற் பயன்பட்டது. ஆயரின் உற்பத்திக்கு அது தேவைப்படவில்லை.

ஐந்திணைப் பாகுபாட்டைத் தமிழகத்தின் சமனற்ற பொருளாதார வளர்ச்சியின் வெளிப்பாடாகக் காணும் நோக்கினைப் பேராசிரியர் கா. சிவத்தம்பி 1974இல் வெளிவந்த தமது ஆங்கிலக் கட்டுரையில் விரித்துரைத்தார். அந்நோக்கு இங்கும் பயன்தருவது. நாய் ஒன்றேயாயினும் வேட்டை நிலத்தில் உற்பத்திக் கருவியாகவும் மேய்ச்சல் நிலத்தில் பெரும்பாலும் காட்சிக்கு வெளியேயும் நிற்பதற்கு, இரு நிலத்தாரின் வாழ்க்கைப் பொருளாதாரம் வேறுபட்டமையே காரணமெனலாம். முல்லை நிலத்து மந்தை சிறியது. பால் கறக்கும் கைக்கும் குரலுக்கும் பழகியது. அதை ஓட்ட வேண்டியதில்லை. முன்னே நடந்தாற் போதும்.

2. நடுகல்லில் நின்ற நாய்

கால்நடை செல்வமாகத் திரண்டு, அதனைக் கவர்வதும் மீட்பதும் ஆதிக்கத்தின் வழியான காலகட்டத்தில் நாய்க்குப் புதியதோர் இடம் கிடைக்கின்றது. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் உள்ள நடுகல் இதற்குச் சிறந்த சான்று. மகேந்திரவர்ம பல்லவனின் முப்பத்து நான்காம் ஆட்சியாண்டைச் சேர்ந்த, அதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதிக்குரிய அக்கல், எருமைகளைக் காக்கும் பூசலில் மடிந்த கருந்தேவக்கத்தி என்னும் வீரனை நினைவுகூர்கின்றது. வீரனின் உருவத்தோடு ஒரு நாயின் உருவமும் செதுக்கப்பட்டுள்ளது. கோவிவன் என்னும் பெயருடைய அந்நாய் கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்றமை அங்கே எழுத்திற் பொறிக்கப்பட்டிருக்கின்றது.

நாயொன்றின் பெயர் கல்வெட்டில் இடம்பெறுவது வியப்புக்குரியதாயினும், அது எதற்காகப் போற்றப்பட்டது என்பதே மனங்கொளத்தக்கது. அது மந்தையை மேய்த்தமைக்காகப் போற்றப்படவில்லை. உடைமையைக் காத்தமைக்காகப் போற்றப்பட்டது. கோவிவன் ஒரு வகையிற் போர்வீரனின் தோழன். தனியுடைமையும் அதனைக் காக்கும் வன்முறையும் வளர்ந்த சமூகமே அந்நாய்க்குக் கல் எடுத்தது. பட்டிநாய் என்னும் சொல்லின் பொருள் இவ்வரலாற்றில் உறைந்து கிடக்கின்றது.

3. ஓநாய் அகன்றது, வேலி வந்தது

இனி மேய்ப்பு நாய் உருவான நிலத்துக்குச் செல்வோம். கேம்பிரிட்ஜ் மருத்துவ அறிஞர் ஜோன் கையஸ் 1570இல் ஆங்கில நாய்களைப் பற்றி இலத்தீனில் ஒரு சிறுநூல் எழுதினார். இடையனின் நாய் இங்கிலாந்தில் பேருருவினதாய் இருக்க வேண்டியதில்லை, ஏனெனில் அங்கு ஓநாய் இல்லை என்பது அவர் கூற்று. இடையனின் குரலுக்கோ சீழ்க்கைக்கோ அந்நாய் ஓடிச்சென்று, அலையும் ஆடுகளை அவன் விரும்பும் இடத்துக்குக் கொணரும் என்கிறார். பிரான்சு, பிளாண்டர்ஸ், சிரியா முதலிய இடங்களில் ஆடுகள் இடையனைப் பின்தொடர்கின்றன, இங்கிலாந்திலோ இடையன் ஆடுகளைப் பின்தொடர்கின்றான் என அவர் சுட்டும் வேறுபாடு ஆழ்ந்து நோக்கற்பாலது. மேய்ச்சலின் இரு முறைகள் அவ்வொரு குறிப்பில் எதிரெதிரே நிறுத்தப்பட்டுள்ளன. நற்றிணை இடையன் முன்னைய முறைக்குரியவன்.

ஓநாய் அற்றுப்போனமை காவல் நாயின் தேவையைக் குறைத்தது. சிறிய, விரைந்தோடும் நாய்க்கு இடமளித்தது. ஆயினும் அது வாய்ப்பை மட்டுமே ஏற்படுத்தியது. அவ்வாய்ப்பைத் தேவையாக மாற்றியது கம்பளிச் சந்தை. கையஸின் நூலுக்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு முன்னரே, 1516இல், தோமஸ் மோர் தமது ‘உற்றோப்பியா’வில் சாதுவான செம்மறிகள் மனிதரை விழுங்கத் தொடங்கிவிட்டன என்ற கருத்தை முன்வைத்திருந்தார். பொதுநிலங்கள் வேலியிடப்பட்டன. உழவர் வெளியேற்றப்பட்டனர். பல குடும்பங்கள் உழுதுண்ட நிலத்தில் ஆடுகள் நின்றன. உழவுக்குப் பல கைகள் வேண்டும். மேய்ச்சலுக்கோ சில கைகள் போதும்.

இப்போக்கு அதன் முழு வடிவத்தை ஸ்கொத்லாந்தின் மலைநாட்டில் எய்தியது. குலமரபுப்படி மக்கள் கூட்டாக அனுபவித்த நிலத்தைக் குலத்தலைவர்கள் தம் தனியுடைமையாக்கினர். தெற்கேயுள்ள எல்லைப்புறத்துச் செவியட் இனச் செம்மறிகள் அங்கு கொணரப்பட்டன. அவற்றோடு எல்லைப்புறத்து இடையரும் அவர்களின் நாய்களும் வந்தனர். 1792இல் ரொஸ் பிரதேசத்து மக்கள் ஒன்றுதிரண்டு அவ்வாடுகளைத் தம் நிலத்திலிருந்து ஓட்டிச் செல்ல முற்பட்டனர். படையினர் வந்து அவ்வெழுச்சியை அடக்கினர். மலைநாட்டவர் அவ்வாண்டை இன்றும் செம்மறிகளின் ஆண்டு என்றே நினைவுகூர்வர்.

‘மூலதனம்’ முதற்பாகத்தில் மார்க்ஸ் சதர்லாந்துக் கோமாட்டியின் நிலப்பறிப்பைத் தரவுகளோடு விளக்குகின்றார். 1814 முதல் 1820 வரையில் ஏறத்தாழ 3,000 குடும்பங்களைச் சேர்ந்த 15,000 மக்கள் அகற்றப்பட்டனர். அவர்களின் ஊர்கள் எரிக்கப்பட்டன. பறிக்கப்பட்ட நிலம் 29 பெரும் ஆட்டுப்பண்ணைகளாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொன்றிலும் ஒரேயொரு குடும்பம் குடியமர்த்தப்பட்டது. 1825 அளவில் 15,000 மக்களின் இடத்தை 131,000 செம்மறிகள் பிடித்துக்கொண்டன என்கிறார்.

இவ்வெண்களை வகுத்துப் பார்த்தல் தகும். 131,000 ஆடுகள் 29 பண்ணைகளில் எனின், பண்ணையொன்றுக்குச் சராசரி 4,500க்கு மேல். ஒரு குடும்பமும் அதனைச் சார்ந்த சில கூலியாட்களும், வேலியற்ற மலைச்சரிவிற் பரந்து மேயும் இத்தனை ஆடுகளை எவ்வாறு திரட்டுதல் கூடும்? மார்க்ஸ் நாயைக் குறிப்பிடவில்லை. ஆயினும் அவர் தரும் எண்களுக்கு இடையே நாய் நிற்கின்றது. மனிதர் அகற்றப்பட்ட நிலத்தில் மனிதரின் ஓட்டத்தை ஈடுசெய்த கருவி அது. நிலத்தை வெறுமையாக்கியது நாயன்று. வெறுமையாக்கப்பட்ட நிலத்தை இலாபத்துடன் நடத்துவதை இயல்வதாக்கியது நாய்.

4. ஒருவனும் ஒரு நாயும்

இக்கருவி தொழிற்படும் முறையை அறிதல் இன்றியமையாதது. இடையன் ஓரிடத்தில் நிற்பான். ஏவப்பட்ட நாய் ஆடுகளை நேரே நோக்கி ஓடாது, பேரிக்காய் வடிவிலான அகன்ற வளைவில் ஓடி, மந்தைக்கு அப்பால், இடையனுக்கு எதிர்ப்புறத்தை அடையும். ஆடுகள் தமக்கும் நாய்க்கும் இடையே ஒரு குறித்த தூரத்தைப் பேண விழைபவை. அத்தூரம் குறுகினால் விலகி நடக்கும். அவ்விலகலே அவற்றை இடையனிடம் கொண்டுவருகின்றது. மந்தை இடப்புறம் சாய்ந்தால் நாயும் அப்புறம் சென்று சமன் செய்யும். வலஞ்சுழியாகச் செல், இடஞ்சுழியாகச் செல், படு, மெல்ல நெருங்கு, போதும் வா என்னும் ஏவல்கள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சீழ்க்கை உண்டு. காற்றடிக்கும் மலையில் குரல் எட்டாத தூரத்துக்கும் அது எட்டும்.

எல்லைப்புறத்துக் கொலி நாயின் தனிச்சிறப்பு அதன் பார்வை. தலையைத் தாழ்த்தி, உடலை ஒடுக்கி, இமையாது நோக்கியே அது ஆட்டை நகர்த்தும். இது வேட்டை விலங்கின் பதுங்கலேயன்றி வேறன்று. நோக்குதல், பதுங்குதல், துரத்துதல், பற்றுதல், கொல்லுதல் என்னும் ஓநாயின் செயற்றொடரில் முன்னைய மூன்றும் தேர்வினப்பெருக்கத்தால் மிகுவிக்கப்பட்டு, பின்னைய இரண்டும் ஒடுக்கப்பட்டன. காவல் நாயிலோ துரத்தும் உந்துதலே அடக்கப்பட வேண்டும். அது குட்டிப் பருவம் முதல் ஆடுகளோடு வளர்ந்து அவற்றைத் தன் இனமாகக் கொள்ளும். எனவே இரண்டும் ஒரே தொழிலின் உயர்ந்த, தாழ்ந்த படிகள் அல்ல. எதிரெதிர்த் திசைகளில் உருவாக்கப்பட்ட இரு கருவிகள்.

இந்நாய்களை உருவாக்கியோர் பெரும்பாலும் பெயர் அறியப்படாத கூலி இடையர்கள். அவர்களின் தலைமுறை அறிவு பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே காட்சியாகவும் ஆவணமாகவும் மாறியது. 1873இல் வேல்ஸ் நாட்டின் பாலாவில் நிலவுடைமையாளரான லொயிட் பிறைஸ் ஒழுங்குசெய்த போட்டியே பதிவுபெற்ற முதல் மேய்ப்பு நாய்ப் போட்டி எனப்படுகின்றது. அதில் வேல்ஸில் வாழ்ந்த ஸ்கொத்லாந்தவர் ஒருவரின் நாய் வென்றது. 1893இல் நோதம்பலாந்தில் அடம் டெல்ஃபர் என்பவரிடம் பிறந்த ஹெம்ப் என்னும் நாயே இன்றைய கொலி இனத்தின் மூதாதையெனக் கொள்ளப்படுகின்றது. 1906இல் சர்வதேச மேய்ப்பு நாய்ச் சங்கம் தோன்றி, பின்னர் வமிசப் பதிவேடும் ஏற்பட்டது. 1976 முதல் பி.பி.சி. தொலைக்காட்சி ‘ஒருவனும் அவன் நாயும்’ என்னும் தொடராக இப்போட்டிகளை வீடுகளுக்குக் கொண்டுசென்றது. பசும் மலைச்சரிவு, தனியொரு இடையன், அறிவார்ந்த நாய் என்னும் இனிய சித்திரம் உலகெங்கும் பரவியது. அச்சரிவு ஏன் அவ்வளவு தனிமையாய் இருக்கின்றது என்ற வினா அச்சித்திரத்தில் எழுவதில்லை.

5. நுவரெலியாவுக்கு வந்த கடாக்கள்

சதர்லாந்தில் நிகழ்ந்ததன் மறுவடிவம் விரைவில் எமது தீவிலும் நிகழ்ந்தது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிகள் ஆக்கிரமிப்புச் சட்டம், உரிமையை நிறுவ இயலாத காடுகளையும் தரிசு நிலங்களையும் முடியின் உடைமையெனக் கருதியது. கண்டிப் பிரதேசத்துக் கிராமத்தவரின் சேனைப் பயிருக்கும் மேய்ச்சலுக்கும் உரிய பொதுநிலங்கள் இதனாற் பறிபோயின. 1844இல் விலை உயர்த்தப்படும் வரை ஏக்கர் ஐந்து ஷில்லிங் வீதம் விற்கப்பட்ட இந்நிலத்திற் கோப்பியும் பின்னர் தேயிலையும் எழுந்தன. வாங்கியோரிலும் நிருவகித்தோரிலும் ஸ்கொத்லாந்தவர் பலர். 1867இல் லூல்கந்துரவில் தேயிலையைப் பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லரும் அந்நாட்டவரே.

ஆங்கிலப் பண்ணையை அப்படியே இங்கு பெயர்த்து நடும் முயற்சியும் நடைபெற்றது. சாமுவேல் பேக்கர் 1848இல் குடியேற்றக்காரர், பண்ணைக் கருவிகள், டேர்ஹம் பசு ஆகியவற்றோடு கப்பலை நிறைத்து அனுப்பி, நுவரெலியாவில் பண்ணை அமைத்தார். சவுத்டவுன், லெஸ்டர், கொட்ஸ்வோல்ட் என மூவினச் செம்மறிக் கடாக்களும் அதில் வந்தன. நாய்களும் வந்தன. எத்தகைய நாய்கள்? 1855இல் வெளியான தமது நூலில் பேக்கரே பட்டியலிடுகின்றார்: நரிவேட்டை நாய்க் கூட்டமொன்றும் அவர் விருப்பத்துக்குரிய வேட்டை நாய் ஒன்றும். அவை மலைநாட்டு மரைகளைத் துரத்திப் பிடிக்கும் பொழுதுபோக்குக்கு உரியவை.

இத்தெரிவு தற்செயலானதன்று. பிரபுவின் வேட்டை நாய் ஓய்வின் சின்னம். இடையனின் மேய்ப்பு நாய் உழைப்பின் கருவி. மேய்ப்பு நாய் உழைப்பாளரைக் குறைப்பதற்கானது. காலனித்துவ இலங்கையின் தோட்டத் துரைக்கோ உழைப்பாளரைக் குறைக்கும் கருவி தேவைப்படவில்லை. மதுரை, இராமநாதபுரம், திருச்சிராப்பள்ளி, சேலம் முதலிய மாவட்டங்களின் வரட்சியும் பஞ்சமும் கடனும் மக்களை மன்னார் வழியாக மலையகத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தன. ஸ்கொத்லாந்து மலைநாட்டில் மூலதனம் மனிதரை அகற்றி ஆட்டையும் நாயையும் வைத்தது. இலங்கை மலைநாட்டில் அதே மூலதனம் கிராமத்தவரின் பொதுநிலத்தைப் பறித்து, கடல் கடந்த மனிதரைக் கொண்டுவந்து வைத்தது. இலாபம் எத்திசையைக் காட்டியதோ அத்திசையிற் சென்றது.

6. நாயின் இடத்தில் நின்ற சிறுவன்

இனி முதல் வினாவுக்கு மீள்வோம். தமிழ் நிலத்தில் மேய்ப்பு நாய் ஏன் உருவாகவில்லை?

விடையின் ஒரு பகுதி ஆட்டின் பயனைச் சார்ந்தது. தமிழகத்துச் சமவெளிச் செம்மறிகளான இராமநாதபுரம் வெள்ளை, வேம்பூர், மேச்சேரி, கீழக்கரிசல் முதலியன கம்பளிக்கானவை அல்ல. இறைச்சிக்கும் எருவுக்கும் உரியவை. அறுவடைக்குப் பின் வயலில் மந்தையை இரவு அமர்த்துதல் கிடை எனப்படும். நிலவுடைமையாளர் நெல்லாகவோ காசாகவோ அதற்குக் கூலி தருவர். யாழ்ப்பாணத்துப் புகையிலைத் தோட்டங்களிலும் இவ்வாறு பட்டியடைத்து எருவூட்டும் வழக்கம் இருந்தது. கிடையாட்டை மலையில் விட்டுத் திரட்ட வேண்டியதில்லை. வயலுக்கு வயல், ஊருக்கு ஊர் நடத்திச் செல்ல வேண்டும். இருமருங்கும் பயிர் நிற்க, ஓர் ஆடும் வரம்பு தாண்டாது பார்க்க வேண்டும். இரவிற் படலுக்குள் அடைத்து நரிக்கும் கள்வனுக்கும் விழித்திருக்க வேண்டும். இரவுக் காவலுக்கு நாய் உதவியது. பகலில் வரம்போரம் ஓடி மடக்கும் வேலை?

இங்கேதான் விடையின் மற்றப் பகுதி உள்ளது. அவ்வேலையைச் செய்தவன் சிறுவன். இராமநாதபுரம், சிவகங்கைப் பகுதிக் கீதாரிகளின் மந்தைகளிலும், கொங்கு நாட்டுப் பண்ணைகளிலும், கடனுக்கு ஈடாகவோ ஆண்டுக் கூலிக்கோ விடப்பட்ட பிள்ளைகள் ஆட்டின் பின் ஓடினர். பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’ அத்தகைய சிறுவனொருவனின் உலகைச் சித்திரிப்பது. ஒடுக்கப்பட்ட சாதிக் குழந்தை, பண்ணையாரின் ஆடுகளோடு, அவ்வாடுகளிலும் மதிப்புக் குறைந்த உயிராக அதில் வாழ்கின்றான். கி. ராஜநாராயணனின் ‘கிடை’ ஊர்ப் பொதுக்கிடையின் அமைப்பையும் அதனுள் தொழிற்படும் சாதி அதிகாரத்தையும் காட்டுவது. சு. தமிழ்ச்செல்வியின் ‘கீதாரி’ மந்தையோடு அலையும் மக்களின், சிறப்பாகப் பெண்களின், துயரத்தைப் பேசுவது. ஆட்டுக்கும் நிலத்துக்கும் இடையே ஓடும் மனித உடல்களைப் பற்றிய ஆவணங்களாகவும் இவை வாசிக்கப்படத்தக்கன.

இயந்திரம் பற்றிய அதிகாரத்தில் மார்க்ஸ் எடுத்துக்காட்டும் செய்தியொன்று இங்கு ஒளியூட்டுகின்றது. இங்கிலாந்திற் கால்வாய்ப் படகுகளை இழுக்கக் குதிரைகளுக்குப் பதிலாகச் சில வேளைகளிற் பெண்களைப் பயன்படுத்தினர். குதிரையை உற்பத்தி செய்வதற்கு இவ்வளவு செலவு எனக் கணக்கிடலாம். உபரி மக்கட்டொகையைச் சேர்ந்த பெண்ணைப் பேணும் செலவோ கணக்குக்கும் கீழானது. மனித உழைப்பு மலிவாகும் இடத்திற் கருவி வளர்வதில்லை என்பதே இதன் சாரம். மேய்ப்பு நாயைப் பயிற்றுவதற்கு இரண்டாண்டு உழைப்பும் தீனியும் அனுபவமிக்க இடையனின் கவனமும் வேண்டும். அடகுச் சிறுவனுக்கு இவை எதுவும் வேண்டியதில்லை. அவன் பசி அவனைப் பயிற்றியது.

இது பழங்கதையன்று. இந்தியாவிற் கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976இல் நிறைவேற்றப்பட்டது. அதன் பின் நான்கு தசாப்தங்கள் கழிந்து, 2018 நவம்பரிற் கஜா புயல் காவிரிக் கழிமுகத்தைச் சிதைத்தபோது, தஞ்சைப் பகுதிக் கூலித் தொழிலாளர் குடும்பமொன்று சிதைந்த வீட்டைச் சீர்செய்வதற்காகத் தன் மகனை 36,000 ரூபாவுக்கு ஆடு மேய்க்க அடகு வைத்ததையும் அவன் மீட்கப்பட்டதையும் செய்தித்தாள்கள் வெளியிட்டன. 2021இல் வேல்ஸில், கிம் என்னும் ஒரு வயது மேய்ப்பு நாயொன்று ஏலத்தில் 27,100 பவுணுக்கு விற்கப்பட்டு உலகச் சாதனையெனப் பேசப்பட்டது. அன்றைய நாணய மாற்றில் அத்தொகை இந்திய ரூபாவில் இருபத்தைந்து இலட்சத்துக்கு மேல். இரண்டும் ஒரே வகைத் தொழிலுக்கான விலைகள். நாயின் விலை அதனை உருவாக்கிய உழைப்பின் அளவைக் காட்டுகின்றது. சிறுவனின் விலை அவன் பெற்றோரின் கடனை மட்டுமே காட்டுகின்றது.

எமது கருத்துக்கு எதிராக இரண்டு தடைகள் எழுப்பப்படலாம். ஒன்று, தமிழகத்துச் செம்மறி இயல்பாகவே கூட்டமாய் நெருங்கி மனிதனைப் பின்தொடர்வது, அதற்கு மேய்ப்பு நாய் தேவையில்லை என்பது. இதில் உண்மையுண்டு, இரண்டாம் பகுதியில் யாம் கூறிய காவல் மரபுக்கும் அது பொருந்தும். ஆனால் பின்தொடரும் இயல்பு பெருமளவு அன்றாடம் கூடவே நடக்கும் மனிதரால் உண்டாக்கப்படுவது. செவியட் ஆடு மனிதனை விலகுவது அது ஆண்டின் பெரும்பகுதி மனிதரற்ற மலையில் விடப்படுவதால். விலங்கின் இயல்பிலும் உழைப்பின் ஒழுங்கமைப்பு படிந்துள்ளது. மற்றொன்று, மேய்ப்பு நாயின்மையைச் சிறுவரின் அடிமைத்தனத்துக்குக் காரணமாக யாம் காட்டுகிறோம் என்பது. அவ்வாறன்று. காரணம் கடனும் நிலமின்மையும் சாதியும். நாயின்மை அதன் விளைவுகளுள் ஒன்று. ஆயிரம் கொலி நாய்களை இறக்குமதி செய்வதால் ஒரு பிள்ளையின் கடனும் தீராது.

7. மேய்ச்சற்றரை யாருக்கு?

மேய்ப்பு நாயின் வரலாற்றை அதன் அறிவுக்கூர்மையின் வரலாறாக மட்டும் எழுதுவோர் உண்டு. அவ்வறிவுக்கூர்மை மெய்யானது, அதனைத் தலைமுறைகளாக வளர்த்த இடையரின் திறனும் வணக்கத்துக்குரியது. ஆயின் அத்திறன் எந்நிலத்தில், எவர் அகன்ற பின்னர், எவர் இலாபத்துக்காகத் தொழிற்பட்டது என்பதை நீக்கிவிட்டால் எஞ்சுவது வரலாறன்று, விளம்பரம்.

இன்று மேய்ப்போரின் முதன்மைச் சிக்கல் கருவியைப் பற்றியதன்று, நிலத்தைப் பற்றியது. 2022 மார்ச்சிற் சென்னை உயர்நீதிமன்றம் தமிழகக் காடுகளிற் கால்நடை மேய்ச்சலைத் தடைசெய்து, சில நாட்களில் அத்தடையைச் சரணாலயங்கள், தேசியப் பூங்காக்கள், புலிகள் காப்பகங்கள் என்பவற்றுக்கு வரையறுத்தது. எமது நாட்டிலே, மட்டக்களப்பின் மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சற்றரைகளில் அத்துமீறிய பயிர்ச்செய்கையை எதிர்த்து, பண்ணையாளர் 2023 செப்தெம்பரிற் சித்தாண்டியில் தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். அங்கு மேய்வன மாடுகள், ஆடுகளல்ல. எனினும் வினா ஒன்றே. 1792இல் ரொஸ் மலைநாட்டவர் எழுப்பியதும், 1840இன் பின்னர் கண்டிக் கிராமத்தவர் எழுப்ப இயலாது போனதும் அவ்வினாவே.

பட்டிநாய் காவல் நின்றது. கொலி நாய் ஓடித் திரட்டியது. எமது சிறுவர் இரண்டுக்கும் நடுவே வெறுங்காலோடு ஓடினர். இம்மூவரையும் ஒரே வரலாற்றில் வைத்து நோக்குங்கால், விலங்கு வளர்ப்பின் நுட்பம் என நாம் எண்ணியது உழைப்பைப் பங்கிடும் ஒழுங்கே என்பது தெளிவாகின்றது. மேய்ச்சற்றரை மேய்ப்போருடையதாகவும், பிள்ளை பள்ளியிலும் இருக்கும் ஒரு சமூகத்தில், மந்தையின் பின் ஓடுவதற்கு நாயைப் பயிற்றுவதா வேறு வழி காண்பதா என்பது உண்மையிலேயே தொழில்நுட்பம் சார்ந்த வினாவாக அமையும். அதுவரை அது வர்க்க வினாவேயாம்.